தயங்கினார்களா, தளர்ந்தார்களா?

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வட்டத்தில், ருஷ்ய மொழி பயின்ற தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே,

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைத் தலைவர் அறிவித்ததும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். தயக்கம், தடுமாற்றம், தள்ளாட்டம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ருஷ்ய மொழியில் பெயர்ப்பது எப்படி என்பதுதான் விஷயம். "ரிங் பிரேமுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறோம், நாற்று நட்ட முதுகு இன்னும் நிமிரவில்லை, எங்களுக்கு இது எதற்கு?" என்று முன்வரிசையில் இருக்கும் தோழர் கேட்டேவிட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன், நானே செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

1985-ஆம் வருஷம் நான் மாஸ்கோவில் மாணவனாக இருந்தேன். ருஷ்ய மொழி கற்கத் தொடங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மார்ச் மாதத்தில்தான் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. 1984 மார்ச்சில் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருஷம் நடந்த போராட்டம் அது. எங்கள் விடுதிச் சுவர்ப் பத்திரிகைக்காக அதைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையை ருஷ்ய மொழியில் பெயர்க்கும்படி என்னிடம் கொடுத்தார்கள். கட்டுரையில் தெற்கு வேல்ஸ் தொழிலாளரைப் பற்றி ஒரு சிறு வாக்கியம் இருந்தது. தொடக்கத்தில் அவர்கள் 'ஹெசிடேட்' செய்தார்கள் என்று அது சொல்லிற்று. தயங்கினார்கள் என்று அர்த்தம். வேறொன்றும் இல்லை.

அகராதியைப் புரட்டினேன். ஒரு சொல்லுக்கு எதிரே பல சொற்கள் வரிசையாக நின்றன. பக்கத்துச் சொற்களுக்கும் தாவினேன். அவற்றில் காதுக்குக் கம்பீரமாகப் பட்ட ஒன்றை எடுத்து எழுதினேன்: 'த்ரோக்னுலி'.

எங்கள் ஆசிரியை வயதான அம்மையார். இளம் வயதில் நூற்பாலையில் கதிர்களைப் பார்த்துக்கொண்டவர். பிறகு இரவுப் பள்ளியில் படித்து ஆசிரியையானவர். என் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இவர்கள் ஓடிவிட்டார்களா?" என்று கேட்டார். "இல்லை, கடைசி நாள்வரை நின்றவர்கள்" என்றேன். "அப்படியானால் இவர்கள் வரிசை குலைந்து பின்வாங்கினார்கள் என்று ஏன் எழுதியிருக்கிறீர்கள்?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் பொய் எழுத நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு வருஷம் பட்டினி கிடந்து போராடியவர்கள் மீது ஒரே சொல்லால் பழி போட்டிருந்தேன். அன்றிலிருந்து இந்தச் சொற்கள் என்னை விடவில்லை. தயங்கியவன் யார், தளர்ந்தவன் யார், தடுக்கி விழுந்தவன் யார் என்பது அகராதிக்காரனின் பொழுதுபோக்கு அல்ல என்பதை அன்றைக்குக் கற்றேன்.

ஒரே பையில் பல சரக்கு

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துச் சொற்கள் நிறைய உண்டு. ஹெசிடேட், வேவர், வாசிலேட், ஃபால்டர், ஸ்டாகர், வாபிள், ஷேக். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 'ஹெசிடேட்' லத்தீனிலிருந்து வந்தது. ஒட்டிக்கொள்வது, சிக்கிக்கொள்வது என்பது அதன் வேர். சேற்றில் வண்டிச் சக்கரம் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறதே, அந்த நிலை. 'வேவர்' வடநாட்டுப் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது; விளக்குச் சுடர் காற்றில் அலைவதைப் போன்ற அசைவு அதற்குள் இருக்கிறது. 'வாசிலேட்' மறுபடி லத்தீன். இப்படியும் அப்படியும் சாய்வது.

ஆனால் அன்றாடப் பேச்சில் இந்தப் பூர்வீகமெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. சுடரும் 'வேவர்' செய்கிறது, குரலும் செய்கிறது, படையும் செய்கிறது, மனசும் செய்கிறது. ஆங்கில வாசகனுக்கு இதில் சங்கடமில்லை. சொல்வது சுடரையா மனசையா என்பது பக்கத்து வார்த்தைகளிலிருந்து தெரிந்துவிடும். ருஷ்ய மொழியில் எழுத உட்காருகிறவனுக்குத்தான் சங்கடம். ருஷ்ய மொழி அவனை அடுத்தடுத்துக் கேள்வி கேட்கிறது. பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. முக்கியமாக மூன்று கேள்விகள்: ஆடுவது எது? ஒரு தடவையா, விடாமலா? எதனால்?

முதல் கேள்வி: ஆடுவது எது?

மில்லிலிருந்தே தொடங்குவோம். கதிர் நேராகச் சுழலாமல் ஆடினால் நூல் அறுகிறது. அதை ஆங்கிலத்தில் 'வாபிள்' என்று சொல்லலாம். ருஷ்யப் பிட்டர் அதை 'பியேனியே' என்பான். அடித்தல், துடித்தல் என்று பொருள். இதயத் துடிப்புக்கும் அதே சொல்தான். சுழலும் தண்டு அச்சிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளப்பதற்கு அது இயந்திரத் தொழிலில் நிலைத்த சொல். வண்டிச் சக்கரம் கோணலாக ஆடினால் 'விக்லியாத்' என்ற வேறொரு சொல். நாற்காலியின் கால் ஆடினாலும், வாயில் பல் ஆடினாலும் 'ஷதாத்ஸா'. குடிகாரன் தள்ளாடினாலும் அதே 'ஷதாத்ஸா'தான். ஆக, பல்லும் நாற்காலியும் குடிகாரனும் ருஷ்ய மொழியில் ஒரு ஜாதி. கதிர் வேறு ஜாதி.

நோயிலிருந்து எழுந்தவன் முதல்நாள் நடக்கிறான். கால் நிலைக்கவில்லை. ஆங்கிலத்தில் 'அன்ஸ்டெடி'. அவனை 'ஷதாத்ஸா' என்று எழுதினால் குடித்தவனோ என்ற சந்தேகம் வரக்கூடும். 'நித்வ்யோர்தி' என்று எழுதினால் உறுதியற்ற நடை, அவ்வளவுதான். 'த்வ்யோர்தி' என்றால் கெட்டியானது, உறுதியானது. 'நி' சேர்ந்தால் இல்லை என்று பொருள். விலைவாசியோ அரசாங்கமோ நிலைகொள்ளாமல் இருந்தால் 'நிஉஸ்தோய்ச்சிவி' என்பார்கள், ஸ்திரமற்றது. நிற்பது என்ற வினைதான் அதன் வேர். நிற்கத் தெரியாதது, நிலைக்க முடியாதது.

குரலுக்கு மறுபடி வேறு சொற்கள். பேசும்போது நாக்குத் தடுக்கினால் 'ஸபினாத்ஸா'. நடக்கும்போது கால் கல்லில் தடுக்கினால் 'ஸ்பதிகாத்ஸா'. ஆங்கிலத்தின் 'ஃபால்டர்' இரண்டையும் மூடிக்கொண்டு போகும். முதன்முதலாக மேடையேறிய ஒரு தொழிலாளி பேச்சில் 'ஃபால்டர்' செய்தான் என்று ஆங்கிலத்தில் இருந்தால், அவன் சொல்லுக்குத் தடுமாறினானா, தொண்டை அடைத்துக் குரல் கம்மியதா என்று மொழிபெயர்ப்பவன் தீர்மானித்தாக வேண்டும். முதலாவது பழக்கமின்மை; இரண்டாவது நெஞ்சு நிறைந்த துக்கமாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கினால் அந்த மனிதனை நாம் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. 'ஸ்டாகர்' என்றால் தள்ளாடுவது. ஆனால் தொழிற்சாலை ஆங்கிலத்தில் ஷிப்டு நேரத்தையோ விடுமுறையையோ ஒரே சமயத்தில் விடாமல் பிரித்துப் பிரித்து வைப்பதற்கும் 'ஸ்டாகர்' என்றுதான் சொல்கிறார்கள். அதை அறியாமல் அகராதியின் முதல் சொல்லைப் பிடித்தால், நிர்வாகம் ஷிப்டுகளைத் தள்ளாட வைத்தது என்று ருஷ்ய வாசகன் படிப்பான்! அவர்கள் மொழியில் அதற்கு வழுக்கிச் செல்லும் கால அட்டவணை என்ற பொருளில் 'ஸ்கல்ஸ்யாஷி கிராஃபிக்' என்று சொல்வார்கள். தொழில் தெரிந்தவன் இந்தக் குழியில் விழமாட்டான். மொழி மட்டும் தெரிந்தவன் விழுவான்.

இரண்டாவது கேள்வி: ஒரு தடவையா, விடாமலா?

ருஷ்ய வினைச்சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. நடந்துகொண்டே இருந்த காரியத்துக்கு ஒரு வடிவம். நடந்து முடிந்த காரியத்துக்கு இன்னொரு வடிவம். அதிலும் சட்டென்று ஒரே தடவை நடந்ததற்கு நடுவில் 'னு' என்ற ஓசையைப் போடுவார்கள். 'த்ரஜாத்' என்றால் நடுங்கிக்கொண்டிருப்பது. குளிரில் நடுங்குகிறோமே, அது. 'த்ரோக்னுத்' என்றால் ஒரே ஒரு நடுக்கம், ஒரு கணம். 'ஷதாத்ஸா' ஆடிக்கொண்டே இருப்பது. 'பஷத்னூத்ஸா' ஒரு முறை ஆட்டம் கண்டது.

நமக்கு இது புதிதல்ல. "தயங்கிக்கொண்டிருந்தான்" என்பதும் "தயங்கினான்" என்பதும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்தின் சாதாரண இறந்தகாலம் இதைச் சொல்லாமலே விட்டுவிடும். ஒரு கணமா ஒரு மாதமா என்று மொழிபெயர்ப்பவன் முன்னும் பின்னும் படித்துத் தேட வேண்டியிருக்கிறது.

இந்த 'த்ரோக்னுத்' என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். தனி மனிதனின் குரலோ கையோ இதைச் செய்தால் ஒரு கண நடுக்கம், அவ்வளவு மோசமில்லை. படையின் வரிசை இதைச் செய்தது என்றால் கதை வேறு. எதிரியின் தாக்குதலில் வரிசை கலைந்து பின்வாங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இல்லை என்ற சொல்லோடு சேர்ந்து வந்தால் அதுவே பெரும் புகழ்: அவர்கள் அசையவில்லை, அஞ்சவில்லை. ஒரு கொடியவனைப் பற்றி அவன் கை 'த்ரோக்னுத்' செய்யாது என்றால், எந்தப் பாதகத்தையும் கை நடுங்காமல் செய்வான் என்று அர்த்தம். ஒரே சொல் வீரனுக்கும் பொருந்துகிறது, கொலைகாரனுக்கும் பொருந்துகிறது. யாரைப் பற்றி, எந்தச் சமயத்தில் என்பதைப் பார்க்காமல் அதைத் தொடவே கூடாது.

மூன்றாவது கேள்வி: எதனால்?

இதுதான் கஷ்டமான கேள்வி. 'ஹெசிடேட்' என்ற ஆங்கிலச் சொல் காரணத்தைச் சொல்வதில்லை. ருஷ்ய மொழியிலோ பெரும்பாலும் காரணத்தோடுதான் சொல் கிடைக்கும்.

இரண்டு பக்கமும் இழுக்கிற மனசு என்றால் 'கலிபாத்ஸா'. ஊசற்குண்டு ஆடுவதற்கும் இதே சொல்தான்; பௌதிகப் பாடப்புத்தகத்தில் அலைவுக்கு வரும் சொல்லும் இதிலிருந்து பிறந்ததே. தொட்டிலுக்கு ருஷ்யர் வைத்திருக்கும் ஒரு பெயரும் இந்தக் குடும்பம்தான். நம் மேடைகளில் நடுத்தர வர்க்கத்தின் 'ஊசலாட்டம்' என்று பேசிப் பேசிப் பழகியிருக்கிறோம். லெனின் எழுத்தில் அடிக்கடி வரும் சொல்லுக்கு நேரான தமிழ் அது. ஊசலும் தொட்டிலும் ஆடும். ஆனால் கயிறு கட்டிய இடத்தை விட்டுப் போகா. அதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தச் சொல்லைத் தவறாகப் பிரயோகிக்க மாட்டோம்.

துணிவு வராமல் நிற்பவன் என்றால் 'நி ரிஷாத்ஸா'. தீர்மானிப்பது என்ற வினையிலிருந்து வந்தது. தீர்மானத்துக்கு வர இயலாதவன். காலம் கடத்துகிறவன் என்றால் 'மெத்லித்'. இவனுக்கு மனசில் குழப்பம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் காரியம் தாமதப்படுகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கப்பட்டு நெளிகிறவன் என்றால் 'ம்யாத்ஸா'. கசக்குவது, பிசைவது என்பது அதன் வேர். ஆளி நாரை எடுக்கத் தண்டை நொறுக்குகிறார்களே, அந்த வேலைக்கும் அதே வினைதான். நம் ஊரில் கூலி உயர்வு கேட்கப் போனவன் துண்டை முறுக்கிக்கொண்டு நிற்பது உங்கள் கண்முன் வருகிறதல்லவா? அதுதான்.

கூச்சத்தால் தயங்குகிறவன் என்றால் 'ஸ்தெஸ்ன்யாத்ஸா'. நெருக்கடி, இடநெருக்கம் என்பதிலிருந்து வந்த சொல். பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் ஏழைக்கு ஏற்படும் நெருக்கம். ஆங்கிலக் கடிதங்களின் கடைசி வரியில், எது வேண்டுமானாலும் 'ஹெசிடேட்' செய்யாமல் கேளுங்கள் என்று எழுதுவது வழக்கம். இதை ருஷ்ய மொழியில் 'கலிபாத்ஸா' போட்டு எழுதினால், ஊசலாடாமல் கேளுங்கள் என்று ஆகிவிடும். கேட்பவன் ஏதோ கொள்கையில் ஆட்டம் கண்டவன் போல. அங்கே வரவேண்டியது 'ஸ்தெஸ்ன்யாத்ஸா'. கூச்சப்படாமல் கேளுங்கள். நாமும் இப்படித்தான் சொல்வோம்.

எதிர்மறையிலும் இதே கதை. ஒரு தலைவர் ஒப்பந்தத்தில் 'தயக்கமின்றி' கையெழுத்திட்டார் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மன உறுதியோடு என்று பெயர்க்க ஒரு வழி உண்டு. யோசிக்காமலே என்று பெயர்க்க இன்னொரு வழி உண்டு. கை நடுங்காமல் என்று மூன்றாவது வழியும் உண்டு. முதலாவது பாராட்டு. இரண்டாவது பெரும்பாலும் குறை. மூன்றாவது, அந்த ஒப்பந்தத்தால் யாருடைய வயிறு காய்ந்தது என்பதைப் பொறுத்தது. ஆங்கில வாக்கியம் மூன்றுக்கும் நடுவில் சும்மா நிற்கிறது. ருஷ்ய வாக்கியம் ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும்.

விவசாயத் தோழர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'ஷில்லி-ஷாலி' என்று ஒரு கிண்டலான சொல் உண்டு. "செய்யட்டுமா? செய்யட்டுமா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு நிற்பவனின் பேச்சிலிருந்து பிறந்தது. அதற்குச் சில இடங்களில் அழகாகப் பொருந்தும் ஒரு ருஷ்ய வழக்கு உண்டு: 'நி த்ப்ரூ நி நு'. 'த்ப்ரூ' என்பது குதிரையை நிறுத்த வண்டிக்காரன் போடும் சத்தம். 'நு' என்பது ஓட்டும் சத்தம். நிறுத்தவும் இல்லை, ஓட்டவும் இல்லை. வண்டி அப்படியே கிடக்கிறது. வண்டி ஓட்டியவனுக்கு விளக்கம் தேவையில்லை.

உலகம் ஆடியதா, குலுங்கியதா?

நீங்கள் எல்லோரும் அறிந்த ஒரு புத்தகத்தின் பெயரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ரீடு 1917 புரட்சியை நேரில் பார்த்து எழுதி 1919-இல் வெளியிட்ட நூல். அதன் ஆங்கிலத் தலைப்பில் 'ஷேக்' என்ற வினை இருக்கிறது. சாதாரணச் சொல், மரத்தை உலுக்குவதும், கையைப் பிடித்துக் குலுக்குவதும், ஒருவன் நம்பிக்கையை அசைப்பதும் எல்லாம் அதுதான்.

ருஷ்ய மொழியில் பெயர்ப்பவர் முன் குறைந்தது இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று 'பகலிபாத்'; உறுதியாக இருந்ததை ஆட்டம் காணச் செய்வது, ஊசலாட வைப்பது. மற்றது 'பத்ரிஸ்தி', அடிமுதல் நுனிவரை அதிரும்படி குலுக்குவது. முதலாவதைப் போட்டிருந்தால், உலகம் அந்தப் பத்து நாட்களில் இரண்டு மனசாக நின்றது என்று ஆகியிருக்கும். நின்றது உண்மைதான், ஆனால் ரீடு சொன்னது அது இல்லை. லெனினும் குரூப்ஸ்கயாவும் எழுதிய முன்னுரைகளோடு 1923-இல் வெளிவந்த ருஷ்யப் பதிப்பு இரண்டாவது பாதையைத்தான் எடுத்தது. தமிழிலும் நமக்கு அது 'உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்' என்றே வந்து சேர்ந்தது. 'ஆட்டிய' என்றோ 'நடுக்கிய' என்றோ எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று வாயால் சொல்லிப் பாருங்கள். சரியான சொல் கிடைத்த பிறகு அதைத் தேடிய பாடு வெளியே தெரிவதில்லை.

சைபீரியக் கிராமத்தில் ஓர் அகராதி

அந்தப் பாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலிருந்து ருஷ்ய மொழிக்குப் பெயர்ப்பதை லெனினே வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்திருக்கிறார். 1898-இல் சைபீரியாவின் ஷூஷென்ஸ்கயே கிராமத்தில் நாடுகடத்தப்பட்டு இருந்தபோது, சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதிகள் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலைக் குரூப்ஸ்கயாவின் உதவியோடு பெயர்த்தார். லங்காஷயர் பருத்தி மில் தொழிலாளரின் பீஸ் ரேட் பட்டியல்கள், சங்க நிர்வாகிகளைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த முறை எல்லாம் அதில் விரிவாக இருக்கின்றன. உங்கள் தொழிலைப் பற்றிய புத்தகம் என்றே சொல்லலாம்.

அவர்களுக்கு ஆங்கிலம் புத்தகத்தின் வழியாக மட்டுமே தெரியும். ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டார்கள். முதல் தொகுதி 1900-இல் பீட்டர்ஸ்பர்க்கில் வெளிவந்தது. பிறகு 1902-இல் இருவரும் லண்டனுக்குப் போனார்கள். தெருவில் யார் பேசுவதும் இவர்களுக்குப் புரியவில்லை. இவர்கள் பேசுவதும் யாருக்கும் புரியவில்லை என்று குரூப்ஸ்கயா நினைவுக்குறிப்பில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். லெனின் என்ன செய்தார்? ருஷ்யப் பாடம் சொல்லித் தருகிறேன், பதிலுக்கு ஆங்கிலம் சொல்லித் தாருங்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஹைட் பார்க்கில் கூட்டங்களைப் போய்க் கேட்டார். கனத்த புத்தகத்தைப் பெயர்த்த பிறகும் மாணவனாக உட்கார்ந்தார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. குரல் கம்மியதா, நாக்குத் தடுக்கியதா என்பது புத்தகத்தில் தெரியாது. மேடையில் நிற்பவனைப் பார்த்தால்தான் தெரியும்.

ஹாம்லெட் செய்த காரியம்

தயக்கத்துக்கு உலகம் அறிந்த மனிதன் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட். பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தாரே, அந்தக் கதைதான். தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்க வேண்டிய இளவரசன் நாள் கடத்துகிறான். ஏன் கடத்துகிறான் என்பதில்தான் ருஷ்யர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டார்கள்.

1837-இல் பொலெவோய் பெயர்த்தார். மாஸ்கோவில் மச்சாலோவ் நடித்தார். பெலின்ஸ்கி அதைப் பற்றி விரிவாக எழுதினார். 1860-இல் துர்கேனிவ் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசினார். தன்னையே நோண்டிக்கொண்டு செயலற்று நிற்பவன் ஹாம்லெட், இலட்சியத்துக்காகப் பாய்பவன் தான் கிஹோத்தே என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார். அதற்குப் பிறகு ருஷ்யாவில் ஹாம்லெட் என்பதே செயலற்ற படிப்பாளிக்கு வசைப்பெயராகியது. அவன் தயக்கம் 'நி ரிஷாத்ஸா' ஆகிவிட்டது.

பின்னர் 1933-இல் லஸீன்ஸ்கியின் மொழிபெயர்ப்பும், 1940-இல் பாஸ்டர்நாக்கின் மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. பாஸ்டர்நாக் பழைய தீர்ப்பை ஏற்கவில்லை. இது மனவலிமை இல்லாதவனின் நாடகம் அல்ல, கடமையின் நாடகம் என்று தம் குறிப்புகளில் வாதாடினார். அவருடைய வாசகத்தை வைத்துக் கோசின்த்ஸெவ் 1964-இல் எடுத்த படத்தில் ஸ்மக்துனோவ்ஸ்கியின் ஹாம்லெட் கோழை அல்ல. சுற்றிலும் ஒற்றர்கள் நிற்கும் கோட்டையில் யோசித்து அடியெடுத்து வைக்கும் மனிதன். மூல நாடகம் ஒன்றுதான். தயக்கத்துக்குக் காரணம் பலவீனமா, பொறுப்பா என்று ஒவ்வொரு தலைமுறையும் தீர்ப்பு எழுதியது. மொழிபெயர்ப்பாளனின் ஒவ்வொரு சொல்லும் அந்தத் தீர்ப்பில் ஒரு கையெழுத்து.

மீண்டும் வேல்ஸ்

இப்போது என் தவறுக்குத் திரும்புகிறேன். ஆசிரியை என் வாக்கியத்தைத் திருத்தித் தரவில்லை. "அவர்கள் ஏன் தயங்கினார்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள், பிறகு சொல்லைத் தேடுவோம்" என்று அனுப்பிவிட்டார். நூலகத்தில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைத் தேடினேன்.

விஷயம் இதுதான். 1983 பிப்ரவரியில் தெற்கு வேல்ஸில் லூயிஸ் மெர்த்தர் என்ற சுரங்கத்தை மூட முற்பட்டபோது அந்தத் தொழிலாளர் போராட்டத்தில் இறங்கினார்கள். மற்றப் பகுதிகளின் ஆதரவைக் கேட்டார்கள். அடுத்த மாதம் நாடு முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் 100-க்கு 61 பேர் வேலைநிறுத்தம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். வேல்ஸ் தொழிலாளர் தனித்து விடப்பட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, 1984 மார்ச்சில், யார்க்ஷயரின் கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடும் அறிவிப்பு வந்தது. இப்போது வேல்ஸை அழைத்தார்கள். வேல்ஸில் பெரும்பான்மைச் சுரங்கங்கள் முதலில் இறங்க மறுத்தன. நாம் கேட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்ற மனக்கசப்பு அதில் இருந்தது. பயம் அல்ல.

பிறகு மறியல் வந்தது, வாதம் நடந்தது, சில நாட்களில் அவர்கள் இறங்கினார்கள். இறங்கிய பின் மற்றவர்களைவிட உறுதியாக நின்றார்கள். 1985 மார்ச்சில் போராட்டம் முடிந்தபோது தெற்கு வேல்ஸில் 100-க்கு சுமார் 93 பேர் இன்னும் வெளியேதான் நின்றார்கள். மார்டி என்ற சுரங்கத்தில் ஒரே ஒரு கருங்காலிகூட இல்லை. மார்ச் 5-ஆம் தேதி அவர்கள் சங்கக் கொடியோடும் வாத்திய கோஷ்டியோடும் ஊர்வலமாக வேலைக்குத் திரும்பினார்கள்.

இந்த விவரங்களோடு ஆசிரியையிடம் போனேன். 'த்ரோக்னுலி' பொய் என்று இப்போது எனக்கே தெரிந்தது. 'கலிபாத்ஸா' போடலாமா என்றேன். "அதுவும் முழுசாகப் பொருந்தவில்லை, அவர்கள் இரண்டு பக்கமும் ஆடவில்லை, ஒரு காயத்தோடு நின்றார்கள்" என்றார். கடைசியில் தயக்கம் என்ற சொல்லையே விட்டுவிட்டோம். 'அவர்கள் உடனே எழவில்லை' என்று பொருள்படும் ஒரு சிறு ருஷ்ய வாக்கியத்தை எழுதினோம். 'உடனே' என்ற சொல்லில் தாமதம் இருக்கிறது. 'எழவில்லை' என்பதில் பின்னால் எழுந்தார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. பழி இல்லை, பூச்சும் இல்லை. சுவர்ப் பத்திரிகையில் அது அப்படியே வந்தது.

தோழர்களே, முன்வரிசைத் தோழரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பல காலம் ருஷ்ய நூல்கள் நமக்கு ஆங்கிலத்தின் வழியாகத்தான் தமிழுக்கு வந்தன. ருஷ்ய மொழியில் ஐந்தாறாகப் பிரிந்து நிற்கும் தயக்கங்கள் ஆங்கிலத்தில் ஒன்றாகி, தமிழில் அந்த ஒன்றாகவே வந்து இறங்கியிருக்கலாம். ஆகவே ஒரு புத்தகத்தில் யாராவது தயங்கினார்கள் என்று படித்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். எது ஆடியது, எவ்வளவு நேரம் ஆடியது, எதனால் ஆடியது என்று கேளுங்கள்.

புத்தகத்துக்கு வெளியேயும் அந்தக் கேள்வி உதவும். கூட்டத்தில் கை தூக்கத் தாமதித்த தோழரைப் பற்றி நாளைக்கு நீங்கள் யாரிடமாவது சொல்வீர்கள். கோழை என்று சொல்வதற்கு ஒரு வினாடி போதும். அவர் வீட்டில் உலை எரிகிறதா, சென்ற முறை அவர் இறங்கியபோது யார் கூட நின்றார்கள் என்று விசாரிப்பதற்கு ஒரு நாள் ஆகலாம். என் ஆசிரியை என்னை அந்த ஒரு நாள் வேலைக்குத்தான் அனுப்பினார்.

உங்களையும் அந்த வேலைக்கு அழைத்து, விடைபெற்றுக்கொள்கிறேன். வணக்கம்.